வண்டி எப்ப சார் வரும்?

என் அக்கா பையன் 2024 ஜனவரியில் ஒரு கார் புக் பண்ணினான். “மாமா, ஸ்போர்ட்ஸ் கார்!” என்று போனில் கத்தினான். கையோடு போட்டோவும் அனுப்பினான். பார்த்தேன். ரெண்டே ரெண்டு கதவு. கூரையைக் கழற்றித் தனியாக வைத்துவிடலாமாம். சக்கரம் மட்டும் எங்கள் பக்கத்து டிராக்டரை ஞாபகப்படுத்தியது.

“மாப்ளே, இது ஜீப் இல்லையாடா?”

“ஜீப்னு சொன்னீங்கன்னா கெட்ட கோவம் வரும் மாமா.”

சரி, ஸ்போர்ட்ஸ் கார். வாங்குகிறவன் சொல்வதுதான் பேர். நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? கம்பெனி பெயரும் வேண்டாம், ஷோரூம் பெயரும் வேண்டாம். 21,000 ரூபாய் முன்பணம். “நாலே மாசம் சார், மே மாசம் வண்டி உங்க வாசல்ல” என்றார் கழுத்தில் டை கட்டிய தம்பி. எந்த வருஷத்து மே என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரகடம் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை இவனுக்கு. ஊரில் இருக்கிற கார்களுக்கெல்லாம் நேரத்துக்குச் சாமான் போகவில்லையென்றால் இவனைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அப்பேர்ப்பட்டவன் மாசம் ஒண்ணாம் தேதி ஆனால் ஷோரூமுக்கு போன் போட்டு, “சார், வண்டி எப்ப சார் வரும்?” என்று கெஞ்சுவான். பதில்கள் மாசத்துக்கு ஒன்று. சிப் பற்றாக்குறை. அந்தக் கலர் லேட்டாகிறது, வெள்ளை என்றால் உடனே. வெள்ளைக்குச் சரி என்றால், இந்த எஞ்சினில் வெள்ளை இல்லை. நடுவில் டை கட்டிய தம்பியே வேலையை விட்டுப் போய், புதுசாக ஒரு தம்பி வந்து, “நீங்க எப்ப சார் புக் பண்ணீங்க?” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இடையிலே விலை ரெண்டு தடவை ஏறியது. மொத்தம் 1,10,000 ரூபாய். “நான் புக் பண்ணப்ப இருந்த விலை வேறயாச்சே?” என்று கேட்டான். ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது: டெலிவரி எடுக்கும் நாளில் என்ன விலையோ, அதுதான் விலை.

அதாவது நீங்கள் ஓட்டலில் இட்லி சொல்லிவிட்டு உட்காருகிறீர்கள். இட்லி வர ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் விலை ஏறிவிட்டது என்கிறார் சர்வர். நீங்கள் எழுந்து போனால் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். என்ன செய்வீர்கள்? உட்கார்ந்திருப்பீர்கள். இவனும் உட்கார்ந்திருந்தான்.

இந்தப் புலம்பலையெல்லாம் கேட்டு எங்கள் வீட்டில் அசையாமல் இருந்த ஒரே ஆள் என் நைனா. (ஆந்திர எல்லை. எங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் அப்பா, நைனாதான்.) வயசு 87. திண்ணையில் உட்கார்ந்தபடி பேரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பாஸ்புக்கை யாருகிட்ட குடுத்து வெச்சிருக்கே?”

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கனகம்மாசத்திரத்தில் என் வயசுக்காரர்களிடம் போய் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். ‘ஸ்கூட்டர்’ என்று கேளுங்கள், கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவார்கள். அந்தப் பட்டப்பெயர் வந்த கதை இது.

1973. நைனா ஆரம்பப் பள்ளி வாத்தியார். திருவாலங்காடு ஒன்றியத்தில் ஒரு கிராமம். தினம் போக வர சைக்கிள். மழைக்காலத்தில் ஏரிக்கரை மேலே சைக்கிள் இவரைச் சுமந்த தூரத்தைவிட இவர் சைக்கிளைச் சுமந்த தூரம் அதிகம். ஒருநாள் ரோஷம் வந்து மெட்ராஸ் போய் ஸ்கூட்டருக்குப் பேர் பதிந்துவிட்டு வந்தார். அப்போதெல்லாம் முன்பணம் கட்டுகிற முறையே தனி. தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்து, பணத்தைப் போட்டு, அந்தப் பாஸ்புக்கை டீலரிடம் அடமானமாக ஒப்படைக்க வேண்டும். நைனா போட்டது 500 ரூபாய். மாசச் சம்பளம் முன்னூறைத் தாண்டாத காலம்.

எனக்கு எட்டு வயசு. மறுநாளே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன்: “எங்க வீட்டுக்கு ஸ்கூட்டர் வருது.” அந்த வாரம் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டார்கள், “எங்கடா ஸ்கூட்டர்?” அடுத்த மாசமும் கேட்டார்கள். ஐந்தாம் கிளாஸ் போனேன், எட்டாம் கிளாஸ் போனேன், மீசை முளைத்தது. ஸ்கூட்டர் வரவில்லை, பேர் மட்டும் வந்துவிட்டது.

இன்றைய பையன்களுக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும். விளம்பரம் கொடுத்து, சலுகை கொடுத்து, வட்டியில்லாக் கடன் கொடுத்து, வாங்கு வாங்கு என்று துரத்துகிற காலம் இது. அன்றைக்கு ஸ்கூட்டர் யாருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்கே சர்க்கார் உத்தரவு இருந்தது. காருக்கு 1959ல் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு, ஸ்கூட்டருக்கு 1960ல் ஒன்று. சர்க்கார் கோட்டா தனி. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து டாலரில் பணம் கட்டினால் தனி வரிசை, சீக்கிரம் கிடைக்கும். எங்களுக்குத் தெரிந்த வெளிநாடு நகரியும் புத்தூரும்தான். அங்கே டாலர் புழங்கவில்லை.

இத்தனை பேர் கேட்கிறார்களே, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் செய்தால் என்ன? செய்யக்கூடாது! 1951ஆம் வருஷத்துத் தொழில் சட்டப்படி லைசென்ஸில் எத்தனை வண்டி என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான். அதிகம் செய்ய வேண்டுமானால் டில்லியில் மனுப் போட்டுவிட்டு அவர்களும் காத்திருக்க வேண்டும். ஆக, வண்டிக்காக நைனா காத்திருந்தார், லைசென்ஸுக்காகக் கம்பெனிக்காரர் காத்திருந்தார். 1972ல் வந்த பஜாஜ் சேத்தக்குக்கு ஜனங்கள் பத்து வருஷம் வரை காத்திருந்தது ஊரறிந்த விஷயம். ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் அது. நிஜக் குதிரையாகவே வாங்கியிருந்தால் குட்டி போட்டு, அது வளர்ந்து, ஏறிப் போயிருக்கலாம்.

காத்திருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதுசில்லை, அது வேறு விஷயம். 1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. போராடி, படாஸ்கர் கமிஷன் உட்கார்ந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தப் பக்கம் வந்தது. ஆறரை வருஷம். நைனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: “தணிகை முருகனே மலையோட ஆறரை வருசத்துல டெலிவரி ஆயிட்டாரு. ஒரு ஸ்கூட்டருக்கு ஒம்பது வருசமாடா?”

ஆமாம், ஒன்பது வருஷம். 1982 கடைசியில் ரிஜிஸ்தர் தபாலில் அலாட்மெண்ட் கடிதம் வந்தது. பதிந்தபோது மூவாயிரத்துச் சொச்சம் என்றிருந்த விலை, இப்போது ஏழாயிரத்துச் சொச்சம். குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் அலாட்மெண்ட் ரத்து. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினேன். பதினேழு வயசுத் தடிமாடு, ஓடினேன்.

அதே மாசம்தான் அக்காவுக்கு வரன் அமைந்தது. தையில் கல்யாணம்.

நைனா ரெண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபடியே இருந்தார். பிராவிடெண்ட் ஃபண்ட் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், அம்மாவின் வளையல். எப்படிப் போட்டாலும் கல்யாணக் கணக்கிலேயே மூவாயிரம் துண்டு விழுந்தது. அப்புறம் எங்கே ஸ்கூட்டர்? மூன்றாம் நாள் புத்தூரிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கடிதம் வந்த சேதி எல்லை தாண்டிப் போயிருக்கிறது! தெலுங்கில் பேச்சு நடந்தது. ஸ்கூட்டர் விலையை அவரே கட்டிவிடுவார். அதற்குமேல் நைனா கையில் 3,000 ரொக்கம். ஒரே ஒரு சிக்கல். அலாட்மெண்டில் எடுத்த வண்டியைச் சில வருஷத்துக்கு வேறு பெயருக்கு மாற்றக்கூடாது. “அதுக்கென்ன சாரு, வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும். ஓட்டறது மட்டும் நானு.”

நைனா தலையை ஆட்டினார்.

மெட்ராஸில் போய் வண்டியை எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். நைனா கேட்டிருந்தது வான நீலம், வந்தது பாசிப் பச்சை. “இது என் கலர் இல்லியே” என்று டீலரிடம் வாய்திறந்தவர், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தது போல் பேசாமல் கையெழுத்துப் போட்டார். மில்காரர் உதைத்துக் கிளப்பினார். நாங்கள் ரெண்டு பேரும் சென்ட்ரலுக்கு நடந்தோம். வழியில் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் சொந்தக்காரர் நைனா. ஆகவே அந்த ஸ்கூட்டர் எங்கே என்ன செய்தாலும் கடுதாசி எங்கள் வீட்டுக்கு வரும். நகரியில் எருமை மேல் மோதியதற்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். “உங்க வண்டிதானே?” “ஆமாங்க.” “எங்கே வண்டி?” நைனா திண்ணையில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். போலீஸ்காரரும் பார்த்தார். ஒரு வாத்தியாரை இதற்குமேல் எப்படி விசாரிப்பது என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. எருமைக்கு ஒன்றுமில்லை. மில்காரருக்குத்தான் கால் எலும்பு. புத்தூர்க்காரர் என்பதால் கட்டுப் போட வெளியூர் போகவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஒருநாள் சாயங்காலம். சைக்கிள் பஞ்சர். திருப்பதி ரோட்டில் நைனா தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னாலிருந்து பாசிப் பச்சை வந்து நின்றது. “ஏறுங்க சாரு!” சைக்கிளைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கினார். “தாங்க்ஸ்” என்றாராம் மில்காரரிடம். அம்மா ராத்திரி முழுக்க அதைச் சொல்லித் திட்டினாள். “உங்க வண்டிக்கு நீங்களே தாங்க்ஸா?”

அந்த வண்டியில் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

நைனாவாவது வாத்தியார், போகட்டும். பணக்காரர்களும் வரிசையில் நின்ற காலம் உண்டு. 1983ல் மாருதிக்கு முன்பதிவு என்றார்கள். ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டி லட்சம் பேருக்கு மேல் குவிந்துவிட்டார்கள். குலுக்கல் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14ஆம் தேதி, முதல் வண்டியின் சாவியை டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் கையில் இந்திரா காந்தியே கொடுத்தார். விலை 47,500. மற்ற லட்சம் பேர் போட்டோவைப் பேப்பரில் பார்த்தார்கள். 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் பிளாசா ஓட்டலில் ஐந்து நாட்டு மந்திரிகள் கூடி ஏதோ பேச, ஜப்பான் யென் கிடுகிடுவென ஏறியது. ஜப்பானிலிருந்து பாகம் வரவழைக்கிற மாருதியும் கூடவே ஏறியது. மந்திரிகள் அங்கே டீ குடித்ததற்கு மாம்பலத்தில் ஒருத்தர் தண்டம் அழுதார்.

கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்று ஒரு கார். பத்துப் பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு. அங்கே பழைய கார் புதுக் காரைவிட விலை ஜாஸ்தி. ஏனென்றால் பழையது இப்போதே கிடைக்கும்! சோவியத் ஜோக் ஒன்றை அமெரிக்க ஜனாதிபதி ரேகன் மேடைக்கு மேடை சொல்வாராம். கார் பதிந்தவனிடம் “பத்து வருஷம் கழிச்சு இதே தேதிக்கு வா” என்கிறார்கள். “காலையிலயா, சாயங்காலமா?” என்கிறான். “பத்து வருஷம் கழிச்சு எப்ப வந்தா என்னய்யா?” “இல்லே, காலையில குழாய் ரிப்பேர்காரர் வரேன்னிருக்கார்.”

நிஜ ஸ்போர்ட்ஸ் கார் கதை வேண்டுமா? இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில் மார்கன் கம்பெனி. மரச்சட்டம் இழைத்துக் கையாலேயே கட்டுகிற ரெண்டு சீட்டுக் கார். வருஷக்கணக்கில் வரிசை. ஐ.சி.ஐ.யின் தலைவராக இருந்த சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ் 1990ல் பி.பி.சி. நிகழ்ச்சிக்காகப் போய்ப் பார்த்துவிட்டு, “உற்பத்தியைக் கூட்டுங்கள், விலையையும் ஏற்றுங்கள்” என்று யோசனை சொன்னார். முடியாது என்றுவிட்டார்கள். ஆக, லைசென்ஸ் ராஜ்ஜியம் இல்லாத ஊரிலும் வரிசை உண்டு.

நம்ம நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று டி.சி. அவந்தியை 2012 டில்லிக் கண்காட்சியில் திரை விலக்கிக் காட்டியபோது 25 லட்சம் ஆகும் என்று பேச்சு. 2015ல் ரோட்டுக்கு வந்தபோது 35 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் டெஸ்லா 2017 நவம்பரில் புது ரோட்ஸ்டர் காரைக் காட்டி, 2020ல் தருவதாகச் சொல்லி, 50,000 டாலர் முன்பணம் வாங்கியது. 2025 முடியும் வரை ஒருத்தர் கைக்கும் வரவில்லை. 2018ல் பதிந்து வைத்திருந்த சாம் ஆல்ட்மன், சாட்ஜிபிடி செய்கிற கம்பெனியின் தலைவர், 2025 அக்டோபரில் பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பினார். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று மெயில் திரும்பி வந்தது! உலகத்துக்கே பதில் சொல்கிற மெஷினை வைத்திருப்பவருக்கு, வண்டி எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. ஊர் சிரித்தபிறகு, பணத்தைக் கொடுத்தாகிவிட்டது என்றார் எலான் மஸ்க்.

அதே கம்பெனியின் மாடல் 3 காருக்கு 2016ல் நம் நாட்டிலிருந்தும் ஆயிரம் டாலர் கட்டிக் காத்திருந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பணம் திரும்பியது 2025ல். எண்ணிப் பாருங்கள், ஒன்பது வருஷம். நைனாவிடம் சொன்னேன். “அவங்களுக்கும் கலர் மாறிடுச்சா?” என்றார்.

இப்போது லைசென்ஸும் இல்லை, கோட்டாவும் இல்லை. ஆனாலும் 2022 ஜூலை 30ஆம் தேதி மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் பதிவைத் திறந்த அரை மணி நேரத்தில் லட்சம் பேர் பதிந்தார்கள். முதல் 25,000 பேருக்குத்தான் அறிமுக விலை, அந்த 25,000 ஒரே நிமிஷத்தில் தீர்ந்துபோனது. திருப்பதி தரிசன டிக்கெட்டே பரவாயில்லை. கம்பெனிக்கு இதில் தலைவலி மாதிரித் தெரிந்தாலும், வரிசை ஒரு விளம்பரம்தான் என்பது என் கட்சி. நீளமான க்யூ நிற்கிற கடையில்தான் நாமும் போய் நிற்போம், உள்ளே என்ன விற்கிறது என்று பிறகு விசாரிப்போம்.

நம்ம பையன் கதைக்கு வருவோம். 2025 ஜூலை கடைசியில், பதினெட்டு மாசம் கழித்து, ஷோரூமிலிருந்து போன். வண்டி வந்தாச்சு. ஏழு நாளில் மீதிப் பணம் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பையன் ஆபீசில் லட்டு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அக்கா காலண்டரைப் பார்த்தாள்.

“ஆடி மாசம்டா.”

“அதனால?”

“ஆடியிலே எவனாவது வண்டி எடுப்பானா?”

மூன்று நாள் யுத்தம். அவன் கத்தினான், கெஞ்சினான், சாப்பிடாமல் இருந்தான். எனக்கு போன் போட்டு, “மாமா, அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க” என்றான். சொன்னேன். “நைனாவோட வண்டியைப் பத்தி உனக்குத் தெரியும்ல? எனக்காகப் போன வண்டிடா அது. எம்புள்ள வண்டியாவது நல்ல நாள்ல வீட்டுக்கு வரட்டும்” என்றாள். அப்புறம் நான் என்னத்தைப் பேசுவது? பையன் ஷோரூமில் போய்க் காலில் விழாத குறையாக ஆவணி முதல் தேதி வரை தவணை வாங்கி வந்தான்.

ஆகஸ்ட் 15. ஆடி 30. செங்கோட்டையில் பிரதமர் பேசினார். தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும்!

அவ்வளவுதான். ஊரில் ஒருத்தரும் வண்டி எடுக்கவில்லை. ஷோரூமில் ஈ. இப்போது தினம் காலையில் டை கட்டிய தம்பியிடமிருந்து பையனுக்கு போன்: “சார், வண்டி எப்ப சார் எடுக்கறீங்க?” பையன் ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லோரையும் கேட்கவைப்பான். “பாக்கலாம்ங்க. அந்தக் கலர்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு.” பதினெட்டு மாசக் கடுப்பு முழுக்க அந்தக் குரலில் இருக்கும்.

செப்டம்பர் 22ஆம் தேதி புது வரி. பெரிய எஞ்சின் வண்டிக்கு செஸ்ஸெல்லாம் சேர்த்து 50 சதவீதம் வரை போனது, மொத்தம் 40 என்று நின்றது. இவனுக்கு 90,000 சொச்சம் குறைந்தது. ஏறியது 1,10,000 என்பதை ஞாபகப்படுத்தினேன். “மாமா, சந்தோஷமா இருக்கேன், கெடுக்காதீங்க” என்றான். அக்கா மட்டும் ஒரு வாரம் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். நிதி மந்திரிக்கே ஆடி மாசம் பார்த்துச் சொன்னவள் மாதிரி.

ஆயுதபூஜை அன்றைக்கு வண்டியைத் திருத்தணி மலைக்கு எடுத்துப் போனோம். ரெண்டு கதவுக் காரில் எண்பத்தேழு வயசுக்காரரை ஏற்றுவது சாமான்ய வேலை இல்லை. ஸ்டூல் போட்டு, நான் பின்னாலிருந்து தாங்க, பையன் உள்ளிருந்து இழுக்க, நைனா முன்சீட்டில் உட்கார்ந்தார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. மலையிலிருந்து இறங்கும்போது டாஷ்போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பேரனிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஆர்.சி. புக்கு யாரு பேர்லடா?”

“என் பேர்லதான் தாத்தா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழே பஸ் ஸ்டாண்ட் வந்தபிறகு திரும்பவும் கேட்டார்.

“அப்ப ஓட்டறது?”